அண்ணி மேல் ஒரு பிராது

அண்ணி,

இன்று காலை பொம்மைக் கம்பெனியில் ஒரு அச்சைப் பிரித்தேன். இரண்டு பாதியையும் சேர்த்துக் கட்டியிருந்த ரப்பரை உருவி, மேல்பாதியைத் தூக்கியதும் அந்த வாசனை வந்தது. ஈரமான பிளாஸ்டர் அச்சும், உள்ளே பிள்ளையாராக இறுகிக்கொண்டிருக்கிற மண்ணும் சேர்ந்த வாசனை. புது மழை மாதிரி இருக்கிறது என்று புதிதாக வேலைக்கு வருகிற பெண்கள் சொல்வார்கள். எனக்கு அது உங்கள் வாசனை. எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் உங்கள் கையைவிட்டுப் போகாமல் இருந்தது அது. பக்கத்திலிருந்து யாரோ “மெதுவாத் தூக்கு, பாப்பா” என்றதுபோல் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் மடல் இது. நீங்கள் இருந்தபோது எழுதியதில்லை. இரண்டு வீடு தள்ளி இருக்கிற அண்ணிக்கு எந்த நாத்தனார் மடல் எழுதுவாள்? நேரில் போட்ட சண்டையே நமக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது நடப்பதை ஊரில் யாரிடமாவது சொன்னால் எனக்கு வேப்பிலை அடிப்பார்கள். பெண்ணாடத்தில் இருக்கிற என் மகனிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவான். உங்களிடம்தான் சொல்ல முடியும். உங்களைப் பற்றித்தான் சொல்லவேண்டியும் இருக்கிறது.

கல்யாணமாகி வந்தபோது என்னைப் ‘பாப்பா’ என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள். நான் தாலி அறுத்துக் கைப்பிள்ளையோடு பிறந்த ஊருக்குத் திரும்பியபோதும் பாப்பா, தலை நரைத்த பிறகும் பாப்பா. கம்பெனியில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள்தான். கூழ் மாதிரிக் கரைத்த மண்ணை அச்சுக்குள் ஊற்றுவதும், காத்திருந்து மிச்சத்தைக் கவிழ்ப்பதும், பொம்மையை எடுத்து விளிம்பு சீவுவதுமாக ஒரே பலகையில் பக்கம் பக்கமாக உட்கார்ந்திருந்தோம். உங்களுக்குப் பேச்சு கம்மி. இரண்டு பேருக்கும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

என் அண்ணன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர். எங்கே தேர், எங்கே திருவிழா என்று கேட்டுக்கொண்டு வைக்கோல் சுற்றிய பொம்மை மூட்டையோடு கிளம்பிவிடுவார். வாரக்கணக்கில் ஆள் இருக்காது. ஒருநாள் தெருமுனையில் விசில் சத்தம் கேட்கும். அந்த விசிலைக் கேட்டதும் உங்கள் முகம் மலர்வதை நான் பார்த்திருக்கிறேன். மலர்ந்த முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் வந்தால்தான் வீட்டில் இன்னொரு குரல்.

ஒரு வருஷம் ஆடிக்கு முன்னால் போனவர் தை பிறந்தும் வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. கூடப் பொம்மை விற்கிறவர்களைக் கேட்டோம், யாரும் பார்க்கவில்லை. நீங்கள் அழவில்லை. சாப்பாடு குறைந்தது, அவ்வளவுதான். ஒருநாள் அச்சைக் கட்டிக்கொண்டே, “நாளைக்கி லீவு போடு பாப்பா, கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போவணும்” என்றீர்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. விருத்தாசலத்தில் அதைக் கேட்கவேண்டியதில்லை.

மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் பிராது கட்டுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? ஆடு காணாமல் போனாலும் கட்டுவார்கள், வரப்பை வெட்டினாலும் கட்டுவார்கள். கோர்ட்டில் கேஸ் போடுகிற மாதிரியேதான். யார் மேல், என்ன குறை என்று எழுதி, சாமி முன்னால் வைத்து, மடித்து, நூல் சுற்றி வேலில் கட்டிவிட வேண்டும். நினைத்தது நடந்ததும் மறக்காமல் திரும்பப் போய் வாபஸ் வாங்கவேண்டும். வாங்காவிட்டால் கேஸ் முடியாது. எதிராளியையும் விடாது, கட்டினவரையும் விடாது என்பார்கள். எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். உங்களுக்கு முழு நம்பிக்கை.

எழுதிக் கொடுக்கிறவர் பேனாவைத் திறந்துகொண்டு, “யாரு மேலம்மா?” என்று கேட்டார்.

“எங்க வூட்டுக்காரரு மேல.”

“என்னா பண்ணாரு? அடிச்சாரா?”

“இல்லைங்க. வரல.”

அவர் உங்களை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில், “கட்டுன புருசன் மேலயே கேஸ் போட்டுட்டீங்களே அண்ணி, ஜாமீன் கெடைக்குமா?” என்று கிண்டல் செய்தேன். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தீர்கள்.

மாசி மகம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாம் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். வாசலுக்கு வெளியே தெருவில், நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தார். மூட்டை இல்லை, காலில் செருப்பும் இல்லை. பூட்டாத வீடு, கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். நீங்கள் “உள்ள வாங்க” என்று சொன்ன பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.

சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “எதுக்குக் கூப்ட்ட?” என்று கேட்டார்.

“நான் எங்க கூப்ட்டேன்?” என்றீர்கள்.

“கும்பகோணத்துல டீ குடிச்சிக்கிட்டு நின்னேன். பின்னால யாரோ பிடரியில கைய வச்ச மாரி இருந்துச்சி. திரும்பிப் பாத்தா ஆளில்ல. ஆனா கைய எடுக்கல. அது தள்ளுன பக்கம் நடந்தேன்.”

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சந்தோஷமும் பயமும் ஒரே முகத்தில் இருந்தன. நான் அவருடைய பிடரியைப் பார்த்தேன். வெயிலில் அலைந்து உடம்பெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அந்த ஓர் இடம் மட்டும் வெளுத்திருந்தது. துண்டு போட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் போகவில்லை. கம்பெனியிலிருந்து பொம்மைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வைக்கோல் சுற்றிக் கட்டிக் கொடுக்கிற வேலையைப் பார்த்தார். விசில் நின்றுபோனது. சாயங்காலமானால் நடந்து ரயில்வே கேட்டு வரைக்கும் போவார். பஸ் ஸ்டாண்டு, கடைத்தெரு, ஆஸ்பத்திரி, கோயில் எல்லாமே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட்டு திறந்தே கிடந்தாலும் தாண்டமாட்டார். கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். கேட்டுப் பக்கத்து டீக்கடையில் அவருக்குக் ‘கைதி’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் காதில் படவே சொல்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

இன்னொன்றும் ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரத்தில், அவர் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும், “இருக்கேன்” என்பார். சத்தமாக இல்லை, பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்கிற மாதிரி. முதல் தடவை கேட்டபோது வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

“யாருண்ணே கூப்ட்டாங்க?”

“கூப்புடுறாங்களே, ஒனக்குக் கேக்கலியா?”

நீங்கள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவேயில்லை.

வாபஸ் வாங்கச் சொல்லி நான் ஞாபகப்படுத்தியபோதெல்லாம் ஒரு சாக்கு வைத்திருந்தீர்கள். தீட்டு, காய்ச்சல், கம்பெனியில் லோடு ஏற்றுகிறார்கள், மழை வருகிற மாதிரி இருக்கிறது. கடைசியில் ஒருநாள் நிஜத்தைச் சொன்னீர்கள்.

“வாங்குனா போயிடுவாரு பாப்பா.”

“கேஸ முடிச்சாத்தானே அண்ணி ஆள வுடுவாங்க?”

“அதான் முடிக்கல.”

பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டிய பட்டுப்புடவையைப் பற்றிப் பேசுகிற மாதிரிப் பேசினீர்கள். பூட்டப்பட்டது என் கூடப்பிறந்தவர் என்பதுகூட எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை.

என் மகன் கல்யாணத்தில்தான் உறைத்தது. பெண்ணாடத்தில் முகூர்த்தம். தாய்மாமன் வந்துதான் மாப்பிள்ளைக்கு மாலை எடுத்துக் கொடுக்கவேண்டும். அவரும் ஆசையாக வேட்டி கட்டிக்கொண்டு உங்களோடு ஆட்டோவில் ஏறினார். கேட்டை நெருங்கியதும் மூடிவிட்டார்கள். ஒரு ரயில் போனது. திறந்தார்கள். வண்டியைக் கிளப்பியதும் அவருக்கு முகமெல்லாம் வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார். “நீ போ, அந்தக் கை இறுக்குது” என்று உங்களிடம் சொன்னாராம். யாருடைய கை என்று நீங்கள் கேட்கவில்லை. நீங்களும் இறங்கி அவரோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். மண்டபத்தில் தாய்மாமன் எங்கே, தாய்மாமன் எங்கே என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லமுடியாமல் நான் நின்றேன். யாரோ ஒரு பங்காளி மாலையை எடுத்துக் கொடுத்தார்.

மறுநாளே வந்து உங்களோடு போட்ட சண்டை கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். “எங்கண்ணன வுடுங்க அண்ணி. அவரு என்ன நீங்க வளக்குற கிளியா?” என்று கத்தினேன். நீங்கள் அச்சுக்குள் கூழை ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். கை கொஞ்சமும் ஆடவில்லை.

“மண்ணோட ஈரத்த வாங்குனா அச்சு தானா வுட்டுடும் பாப்பா. அதுக்கு முன்னால இழுத்தா கிழிஞ்சிதான் வரும்” என்றீர்கள்.

“எந்த ஈரம்? யாரு ஈரம்?” என்று கேட்டேன். நீங்கள் அடுத்த அச்சை எடுத்துக் கட்டினீர்கள்.

அதோடு நான் மகன் வீட்டுக்கே குடிபோய்விட்டேன். நம் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்தது. பிறந்த ஊரில் உங்கள் அம்மா இறந்தபோதுதான் மறுபடி பார்த்தேன். தலைமகள் நீங்கள். எல்லாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுகையில் நீங்கள் அடிக்கடி வெளியே வந்து வெயில் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பாடை தூக்குவதற்கு முன்னால் செருப்பை மாட்டிவிட்டீர்கள். “அவரு கேட்டுலேருந்து வர்ற நேரம்” என்றீர்கள். பெற்ற தாயின் பிணத்தை விட்டுவிட்டு ஒரு மனுஷி பஸ்ஸுக்கு ஓடுவதை ஊரே பார்த்தது. பிராது அண்ணனைப் பிடித்ததைவிட உங்களைத்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். எனக்கு அப்போது உங்கள் மேல் கோபம் வரவில்லை. பயமாக இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரி. மூச்சுத் திணறலென்று அட்மிட் செய்ததும் பக்கத்து வீட்டார் போன் செய்தார்கள், ஓடிவந்தேன். கட்டிலில் பாதியாகக் கிடந்தீர்கள். அண்ணன் வரவில்லை. கேட்டு வரைக்கும் வந்து நின்றார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அவரைக் கூட்டிவரச் சொல்லவேயில்லை. விளக்கு வைக்கிற நேரமானால் மட்டும் கண்ணைத் திறந்து, “வூட்டுல இருக்காருல்ல?” என்று கேட்பீர்கள். “இருக்காரு அண்ணி” என்பேன். அப்புறம்தான் கண்ணை மூடுவீர்கள்.

கடைசிக்கு முந்தின நாள் பகலில், என் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

“பாப்பா, பிராத நான் அப்பவே வாபஸ் வாங்கிட்டேன்.”

“எப்ப?”

“ஒன் மவன் கல்யாணத்துக்கு அப்பறம். நீ வந்து கத்துன அந்த வாரமே. தனியாப் போயி வாங்கிட்டு வந்துட்டேன்.”

“அண்ணங்கிட்ட சொன்னீங்களா?”

இல்லையென்று தலையசைத்தீர்கள். “சொன்னா போயிடுவாரு.”

நான் கையை உருவிக்கொள்ளப் பார்த்தேன். நீங்கள் விடவில்லை. அவ்வளவு நோயிலும் அந்தப் பிடி வலித்தது. சாமி விட்டுவிட்ட பிறகும் நீங்கள் விடவில்லை. வெறும் நினைப்பை வைத்தே ஒரு மனுஷனை அத்தனை வருஷம் வீட்டுக்குள் வைத்திருந்திருக்கிறீர்கள். உங்கள் அம்மாவின் பிணத்தை விட்டு ஓடியதும் சாமிக்குப் பயந்து இல்லை. அவர் போய்விட்டிருப்பாரோ என்று பயந்து. அப்படியானால் விளக்கு வைக்கையில் அவரைக் கூப்பிட்டது யார் என்று கேட்க வாயெடுத்தேன். நர்ஸ் வந்துவிட்டார். மறுநாள் நீங்கள் இல்லை.

வண்டி உங்களைக் கொண்டுவந்தபோது அவர் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தார். கதவைத் திறந்து ஏறி உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்தார். அழவில்லை. அன்றைக்கும் விளக்கு ஏற்றினதும், பந்தலில் அத்தனை பேருக்கு நடுவில், “இருக்கேன்” என்றார். ஏதோ துக்கத்தில் உளறுகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நான் உள்ளறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

காரியம் முடிந்தால் கிளம்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவருக்கு ஒரு வாய் சோறு பொங்கிப் போட ஆள் வேண்டுமே. இருந்தேன். சும்மா உட்கார முடியாமல் நம் பலகைக்கே வேலைக்கும் போனேன். உங்கள் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, நான்தான் அங்கே உட்காருகிறேன். அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று நாள் ஓடிக்கொண்டே இருந்தது. சொன்னால், இத்தனை வருஷம் ஏமாந்தோமே என்று உங்களை வெறுத்துவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லாவிட்டால் அவர் சாகும்வரை அந்தக் கேட்டைத் தாண்டமாட்டார்.

போன மாதம் சோறு போடும்போது சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அண்ணி பிராத அப்பவே வாபஸ் வாங்கிட்டாங்க.”

அவர் பிசைந்துகொண்டே, “தெரியும்” என்றார்.

“எப்புடி?”

“அன்னிக்கி ஒரு மாரியா கெளம்புனா. பின்னாலயே போனேன். கேட்டாண்ட வந்ததும் நின்னேன். அவ பின்னால போறதாலயோ என்னமோ, கழுத்துல ஒண்ணும் இறுக்கல. தாண்டிட்டேன். கோயில்ல தூணுக்குப் பின்னால நின்னு எல்லாத்தையும் பாத்தேன்.”

“அப்பறம் ஏன் போவல?”

“போவத்தான் நெனச்சேன். வாசல்லயே வெளியூரு பஸ்ஸு நின்னுச்சி. அவ வெளிய வந்தா. செருப்ப மாட்டுனா. வூட்டப் பாக்க ஓடுனா பாரு பாப்பா, அந்த ஒடம்ப வச்சிக்கிட்டு. நான் இருக்கனா இல்லியான்னு பாக்க. அந்த ஓட்டத்தப் பாத்துட்டு எவன் பஸ் ஏறுவான்? குறுக்கு வழியில நானும் ஓடியாந்து, அவளுக்கு முன்னால வூட்டுல ஒக்காந்து வைக்கோல் சுத்துனேன்.”

“ஆஸ்பத்திரிக்காவது வந்திருக்கலாமே அண்ணே. அங்க தனியாக் கெடந்தாங்களே.”

“வந்தா, கேட்டத் தாண்டுவேன்னு தெரிஞ்சிடும். அப்பறம் நிம்மதியா சாவ மாட்டா.”

என்னால் சோற்றை அள்ள முடியவில்லை. நல்ல புருஷன், நல்ல பெண்டாட்டி. கட்டிவைத்த மாதிரி நீங்கள் நடித்தீர்கள், கட்டுண்ட மாதிரி அவர் நடித்தார். ஒருவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்தே ஏதாவது தேர்த்திருவிழாவுக்குப் போய்ப் பொம்மை விற்றிருக்கலாம். உங்கள் இரண்டு பேரையும் முதுகில் நாலு வைக்கவேண்டும் போலிருந்தது. கூடவே, என்னை யாரும் அப்படிப் பிடித்து வைத்துக்கொண்டதில்லையே என்று அழுகையும் வந்தது.

கையைக் கழுவிவிட்டு வந்தவரிடம் கடைசியாகக் கேட்டேன்.

“வெளக்கு வைக்கயில யாருக்குப் பதில் சொல்றீங்க?”

“அவளுக்குத்தான். வாய் தொறந்து கூப்புட மாட்டா. மனசுக்குள்ளயே கூப்புடுவா. எனக்குக் கேக்கும்.”

“அவங்கதான் போயிட்டாங்களே. இப்ப யாரு கூப்புடுறா?”

அவர் துண்டில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இப்பத்தான் பாப்பா, வாயத் தொறந்து கூப்புடுறா” என்றார்.

அன்று சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் அவர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பேச்சுச் சத்தம் கேட்டது. கேட்கிறார், காத்திருக்கிறார், மறுபடி கேட்கிறார். இடையில் இருந்த பதில் எனக்குக் கேட்கவில்லை. காலையில் பொம்மை மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். “வுட்டுட்டா” என்றார். முகத்தில் நான் மறந்தே போயிருந்த ஒரு களை இருந்தது. “போயிட்டு வரேன் பாப்பா” என்று முறையாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார். அவர் கேட்டைத் தாண்டுவதைப் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒரு தடவைகூடக் கழுத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது ஊர் ஊராகப் போகிறார், போன் செய்கிறார். பின்னால் மேளச் சத்தம் கேட்கிறது. பேச்சுக்கு நடுவில் விசில்கூட அடிக்கிறார்.

அவர் போன அன்றைக்கே நானும் பையை எடுத்து வைத்தேன். மருமகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. தாயில்லாப் பெண். இத்தனை வருஷம் கழித்து வந்த தலைப் பிரசவம், நான்தான் பக்கத்தில் இருக்கவேண்டும். காலையில் பஸ் ஏறுவதாக மகனிடம் சொல்லிவிட்டு, மறுநாள் இட்லி சாப்பிட யாருமில்லாத வீட்டில், பழக்கதோஷத்தில் அரிசியைக் களைந்துகொண்டிருந்தேன். விளக்கு அப்போதுதான் ஏற்றியிருந்தேன்.

“இருக்கேன்” என்றேன்.

சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டேன். என் வாய்தான் சொன்னது. பதில் முதலில் வந்துவிட்டது. நீங்கள் கூப்பிட்டது அதற்குப் பிறகுதான் காதில் விழுந்தது. “பாப்பா” என்று, உள்ளறையிலிருந்து, அச்சைக் கட்டிக்கொண்டே கூப்பிடுவீர்களே அந்தக் குரலில்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வைக்கோல் கட்டுகள் இருந்தன. வேறெதுவும் இல்லை.

காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டு வரைக்கும் போனேன், அண்ணி. என் கழுத்தை யாரும் இறுக்கவில்லை. வேர்க்கவில்லை. தாண்டிப் போய் பஸ் ஸ்டாண்டில் பெண்ணாடம் பஸ்ஸிலும் ஏறி உட்கார்ந்தேன். சாயங்காலம் நீங்கள் கூப்பிடுவீர்களே, வெறும் வீட்டில் யார் பதில் சொல்வார்கள் என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். இறங்கிவிட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை பையைத் தூக்கிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஒரு நினைப்புதான். கழுத்தில் கை வைத்துத் தள்ளியிருந்தால்கூட உங்களோடு மல்லுக்கு நின்றிருப்பேன்.

அதனால்தான் இன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மண் கையைக் கழுவியதும் கழுவாததுமாக மணவாளநல்லூருக்குப் போனேன். அதே ஆள்தான் எழுதுகிறார், கண்ணாடி தடிமனாகியிருக்கிறது.

“யாரு மேலம்மா?”

“எங்க அண்ணி மேல.”

“அவங்க இப்ப எங்க இருக்காங்க?”

“வூட்டுலதாங்க.”

எழுதிக்கொண்டார். வேலில் கட்டிய பிராதுகள் காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தன. “என்னா வேணும்னு எழுதட்டும்?” என்று கேட்டார். என்னை விட்டுவிடவேண்டும் என்று சொல்லத்தான் பஸ் ஏறி வந்திருந்தேன். அதைச் சொன்னால் சாமி உங்கள் பிடரியில் கை வைக்கும். நம் வீட்டிலிருந்து, அந்த அறையிலிருந்து, உங்களை வெளியே தள்ளிக்கொண்டு போகும். அதற்கப்புறம் என்னைப் பாப்பா என்று கூப்பிட இந்த உலகத்தில் அண்ணன் ஒருவர்தான், அவரும் ஊரில் இருக்கமாட்டார். எழுதுகிறவர் பேனாவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். “அப்பறமா வரேங்க” என்று எழுந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. பஸ் கிடைக்கத் தாமதமாகி, ஆட்டோ பிடித்து வந்தால் கேட்டு மூடிக் கிடந்தது. காத்திருக்க முடியவில்லை. இறங்கி, குனிந்து கம்பிக்கு அடியில் நுழைந்து, கேட்கீப்பர் திட்டத் திட்டத் தண்டவாளத்தைத் தாண்டி ஓடினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. விளக்கை ஏற்றி, மூச்சு வாங்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்ததும் நீங்கள் கூப்பிட்டீர்கள். இருக்கேன் என்றேன்.

இப்போதுதான் மகன் போன் செய்தான். மருமகளுக்கு இடுப்பு வலிக்கிறதாம், எப்போது வருகிறாய் என்று கேட்டான். நாளைக்கு வருகிறேன் என்றேன். நீங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பீர்கள்.